கம்பளிக்குள் குடிவந்த பூச்சி

நான்காம் மாடிக்கு ஏறி முடித்தபோது ஆனந்தராசாவுக்குத் துப்பறியும் ஆசை முற்றாகப் போயிருந்தது. காலையில்தான் மூன்று கட்டடங்களின் படிக்கட்டுகளைத் துடைத்துவிட்டு வந்திருந்தார். சம்பளத்துக்குப் படியேறினால் ஒருவகைக் களைப்பு; சும்மா ஏறினால் இன்னொரு வகை. பலேர்மோவிலுள்ள ஒரே தமிழ்த் துப்பறிவாளர் அவர்தான். ஒரேயொரு ஆள் ஓடும் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வருபவனே கடைசியாகவும் வருகிறான் என்று அவருடைய உதவியாளர் வேணுகா அடிக்கடி சொல்லுவாள்.

"அங்கிள், மூச்சு வாங்கி முடிச்சுப்போட்டு மணியை அடியுங்கோ. செத்தவீடு. உங்களைப் பாத்தால் அடுத்த சவமும் வந்திட்டுதெண்டு நினைக்கப்போகினம்."

"வாயை மூடு பிள்ளை."

"மூடினால் உங்களுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

வேணுகா இந்த ஊரில் பிறந்தவள். தமிழ், அம்மாவிடமிருந்து வந்தது; வாய், பலாரோ சந்தையிலிருந்து. பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறாள். சில வருடங்களாக முதலாம் வருடத்திலேயே படிக்கிறாள். ஆழமாகப் படிப்பதாகக் கேள்வி.

விடயம் இதுதான். இந்த வீட்டுக்காரர் செல்வராசா துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கியவர். போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார். நாளைக் காலை அந்தியேட்டி. சாம்பலைக் கடலில் கரைக்க வேண்டும். படகு வந்துவிட்டது, நகரசபை அனுமதி வந்துவிட்டது, மிலானோவிலிருந்து ஐயரும் வந்துவிட்டார். சாம்பலைத்தான் காணவில்லை.

கதவைத் திறந்தவள் செல்வராசாவின் மனைவி பவளராணி. அழுது முடித்து, அழுவதற்கும் அலுத்துப்போன முகம். இருவரையும் குசினிக்குக் கூட்டிப்போனாள். தரையில் ஒரு நீலப் பிளாஸ்ரிக் தொட்டி. அதற்குள் நனைந்த கம்பளி ஒன்று, செத்த நாயைப்போலச் சுருண்டு கிடந்தது.

"இது அவரின்ரை கம்பளி. இந்த நாட்டிலை வந்து இறங்கின அண்டைக்குத் துறைமுகத்திலை குடுத்தது. குத்தும், மணக்கும், ஆனால் விடமாட்டார். அதாலைதான் சாம்பல் அடைச்ச உலோகப் பேணியை இதாலை சுத்தி அலுமாரிக்குள்ளை வைச்சனான். முந்தநாள் பாத்தால் ரெண்டையும் காணேல்லை. கதவு உடைபடேல்லை, பூட்டு பூட்டினபடி."

"கம்பளி எப்பிடித் திரும்பி வந்தது?"

"தனேஸ் கொண்டுவந்தான். இண்டைக்குக் காலமை."

தனேஸ் குசினி வாசலில்தான் நின்றான். வன்னிப் பெடியன், சண்டை முடிந்த பிறகு வந்தவன். செல்வராசா அவனுக்கு ஒரு பேக்கரியில் இராவேலை எடுத்துக் கொடுத்து, மேல்தட்டு அறையில் குடியும் வைத்திருந்தார். சாப்பாடு பவளராணியின் கையால்; வந்து போக வீட்டுப் பூட்டின் திறப்பொன்றும் அவனிடம் இருந்தது. நித்திரை இல்லாத கண்கள் பழுத்த தக்காளிபோல இருந்தன.

"எங்கை கிடந்தது தம்பி?"

"ஒரேத்தோ ஆத்திலை, அந்தப் பெரிய பாலத்துக்குக் கீழை. புல்லிலை கொழுவிக் கிடந்தது அண்ணை. கம்பளி மட்டுந்தான்."

"நீ ஏன் பாலத்துக்குக் கீழை போனனி?"

"சும்மா. வேலை முடிஞ்சு நடந்தனான்." அவன் கொட்டாவியை விழுங்கினான். "நான் போய்ப் படுக்கட்டோ?"

அவன் படியேறும் சத்தம் ஓய்ந்ததும் பவளராணி கதிரையில் இருந்தாள்.

"அண்ணை, எனக்குக் கள்ளனைப் பிடிச்சுத் தரவேண்டாம். அவர் எங்கை கிடக்கிறார் எண்டு மட்டும் சொல்லுங்கோ. அந்தப் பாலத்தடி என்னெண்டு உங்களுக்குத் தெரியும்தானே? ஊரின்ரை கழிவெல்லாம் அதுக்குள்ளைதான். அந்தச் சாக்கடைக்குள்ளையோ நான் அவரைத் தேடோணும்?"

பதில் இல்லாதபோது துப்பறிவாளர்கள் குனிந்து எதையாவது பார்ப்பது வழக்கம். ஆனந்தராசாவும் குனிந்து கம்பளியைப் பார்த்தார். தடித்த, முரட்டு, மண்ணிறக் கம்பளி. அதன் மடிப்புகளில் அங்கங்கே சிறு குச்சிகள் ஒட்டியிருந்தன. மணலும் தூசும் சேர்த்து உருட்டிய, விரல்நுனி அளவு குழாய்கள்.

"அங்கிள்," என்றாள் வேணுகா, வழக்கத்துக்கு மாறான மெல்லிய குரலில். "அந்தக் குச்சி நடக்குது."

"குச்சி நடக்காது."

"அதை நீங்கள் குச்சியிட்டைச் சொல்லுங்கோ."

குழாயின் ஒரு முனையிலிருந்து கறுத்த தலையொன்றும் ஆறு கால்களும் வெளியே வந்தன. அது தன் வீட்டை இழுத்துக்கொண்டு கம்பளியின் மேல் இரண்டடி வைத்தது. பிறகு களைத்து நின்றது. ஆனந்தராசாவுக்கு அதன்மேல் உடனே ஒரு பாசம் வந்தது.

வேணுகா போனில் படம் பிடித்துத் தேடினாள். "இங்கிலிசிலை காடிஸ் எண்டு ஒரு பூச்சி. இது அதின்ரை குஞ்சு, புழு. பொறுங்கோ... நான் பூச்சியைக் கேட்டால் இது முரட்டுக் கம்பளித் துணியைக் காட்டுது! அதுக்கும் காடிஸ்தானாம் பேர்."

"இங்கிலிசுக்காரனுக்குப் பேர் தட்டுப்பாடு. பூச்சியைப் பற்றி வாசி."

"ஓடுற தண்ணியிலைதான் இருக்குமாம். வாயாலை பசைநூல் விட்டு, மண், குச்சி, கிடைச்சதெல்லாத்தையும் ஒட்டி வீடு கட்டுமாம். வாடகை இல்லை. அங்கிள், எங்களைவிட வசதி." அவள் திரையைத் தள்ளினாள். "சுத்தமான குளிர்தண்ணி வேணுமாம். ஊத்தைத் தண்ணியெண்டால் செத்துப்போகும்."

ஆனந்தராசா நிமிர்ந்தார். முதுகு தன் பங்குக்கு ஒரு சத்தம் போட்டது.

"தங்கச்சி, உம்முடைய மனுசன் பாலத்தடியிலை இல்லை."

பவளராணி அவரையே பார்த்தாள்.

"பாலத்தடித் தண்ணியிலை எலியே யோசிச்சுத்தான் இறங்கும். இந்தக் கம்பளிக்குள்ளை ஒரு ஊரே உயிரோடை குடியிருக்குது. இது ஆத்தின்ரை மேல்பக்கத்திலை, மலையடியிலை, நல்ல தண்ணிக்குள்ளை கிடந்திருக்கு. அதுவும் ஒரு நாளுக்குக் குறையாமல்."

"அப்ப மேலையிருந்து அடிச்சுக்கொண்டு வந்து பாலத்தடியிலை தங்கினதோ?" என்றாள் பவளராணி.

"வந்திருந்தால் வழியிலையே இவை செத்திருப்பினம்."

சற்றுமுன் நடந்த குழாயை அவர் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மற்றவை மணல் வீடுகள். இது வசதியான குடும்பம்போலும். வீட்டின் ஒரு பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன விதைகளை ஓடுபோல வரிசையாகப் பதித்திருந்தது. ஆனந்தராசா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

"எள்ளு," என்றார்.

பவளராணி கதிரையிலிருந்து எழுந்து கிட்ட வந்து பார்த்தாள்.

"ஆத்துக்குள்ளை எள்ளு எப்பிடி வரும்? ஆரோ எள்ளும் தண்ணியும் இறைச்சிருக்கினம். களவெடுத்தவன் எறியேல்லை தங்கச்சி, முறைப்படி கரைச்சிருக்கிறான். எள்ளுத்தண்ணி இறைக்க உரிமையுள்ள ஆள். இரத்த உரித்து. செல்வராசாவுக்குப் பிள்ளையள் இல்லை. மிச்சம் இருக்கிறது..."

கதவு திறந்தது. செல்வராசாவின் தமையன் அழகரத்தினம் இரு கைகளிலும் பைகளோடு உள்ளே வந்தார். தர்ப்பை, தேங்காய், வாழையிலை. வாழையிலையை மட்டும் சந்தைக்காரன் பூச்செடி என்று சொல்லி விற்றிருந்தான். தம்பியின் சாம்பலை ஊருக்குக் கொண்டுபோய்க் கீரிமலைக் கடலில்தான் கரைக்க வேண்டும் என்று பவளராணியோடு ஒரு கிழமை சண்டை பிடித்துவிட்டு, தோற்ற முகத்தோடு படகு பிடித்துக் கொடுத்தவர் அவர்.

துப்பறியும் தொழிலில் ஆனந்தராசாவுக்குப் பிடித்த கட்டம் இதுதான். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அழகரத்தினத்தார், அந்த மலையடித் தண்ணி நல்ல குளிரோ?"

"எந்த மலை?"

"தம்பிக்கு எள்ளுத்தண்ணி இறைச்ச இடம். நீங்கள் மறைச்சாலும் பூச்சி மறைக்கேல்லை." அவர் குழாயை நீட்டினார். "எள்ளு. நீங்கள் இறைச்ச எள்ளு."

அழகரத்தினம் பைகளை நிதானமாக மேசையில் வைத்தார். ஒரு பைக்குள் கைவிட்டு, தையல் பிரியாத சிறு பொதியொன்றை எடுத்து ஆனந்தராசாவின் உள்ளங்கையில் வைத்தார். கறுப்பு எள்.

"இதைத் தேடி மூண்டு கடை ஏறி இறங்கினனான். இந்த ஊரிலை கறுப்பெள்ளு கண்டுபிடிக்கிறதுதான் துப்பறியிற வேலை. நீர் கையிலை வைச்சிருக்கிறது என்ன நிறம்? சொல்லும், கேட்பம்."

ஆனந்தராசா பார்த்தார். வெளிறிய மஞ்சள். சில விதைகளில் இலேசான சிவப்பு, சுட்டதுபோல.

"ஒரு மாதமாச் சவரம் எடுக்காமல் துடக்குக் காக்கிறன்," என்றார் அழகரத்தினம். "கூடப் பிறந்தவனைக் களவெடுத்தன் எண்டு சொல்லுறீர். அதுவும் அவன்ரை மனுசிக்கு முன்னாலை."

"அத்தான், இருங்கோ," என்றாள் பவளராணி. ஆனந்தராசா மன்னிப்புக் கேட்டார். அது அந்தக் குசினிக்குள் எங்கே போய் விழுந்தது என்று தெரியவில்லை.

அவர் படிக்கட்டில் வந்து இருந்தார். வேணுகா பக்கத்தில் இருந்து, பையிலிருந்து ஒரு துண்டு பாண் ரொட்டி எடுத்துக் கடித்தாள்.

"இந்த நேரத்திலை தின்னுறாய்."

"தோல்வி எண்டால் எனக்குப் பசிக்கும். உங்களோடை வேலை செய்யத் தொடங்கி ரெண்டு கிலோ கூடியிட்டுது."

அவள் கடிக்கக் கடிக்க, பாணின் தோலிலிருந்து விதைகள் உதிர்ந்து அவரது காற்சட்டையில் விழுந்தன. வெளிறிய மஞ்சள். சிலவற்றில் இலேசான சிவப்பு. அடுப்பில் வெந்த நிறம்.

இருவரும் ஒரே நேரத்தில் அந்த விதைகளைப் பார்த்தார்கள்.

இந்த ஊரில் எள் பூசாத பாணை வாங்கத்தான் கஷ்டப்பட வேண்டும். கல்யாணம், காய்ச்சல், காலைச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் எள். ஒரு சிசிலியனிடம் இந்தப் பூச்சியைக் காட்டியிருந்தால், 'பாண் தின்றிருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். எள்ளைக் கண்டதும் சுடலைக்கு ஓட ஒரு தமிழ் மூளை வேண்டும். அதிலும் களைத்த மூளையாக இருந்தால் இன்னும் வேகமாக ஓடும்.

"பிறந்ததிலை இருந்து நான் இதைத்தான் தின்னுறன்," என்றாள் வேணுகா. "ஏன் உடனை விளங்கேல்லை எண்டால், உங்களை நம்பியிட்டன். இனி நடக்காது."

"பூட்டு உடைபடேல்லை," என்றார் ஆனந்தராசா. "திறப்பு உள்ள ஆள். உடம்பெல்லாம் எள்ளோடை திரியிற ஆள். பாலத்தடியிலை எடுத்தன் எண்டு பொய் சொன்ன ஆள்."

இருவரும் அண்ணாந்து மேல்தட்டைப் பார்த்தார்கள்.

தனேஸின் அறைக்கு வெளியே, ஆணியில் அவனுடைய வேலைச் சட்டை தொங்கியது. வேணுகா அதன் பையை வெளியே இழுத்தாள். ஒரு பிடி எள் படியில் கொட்டியது.

அவன் படுக்கவே இல்லை. கட்டிலின் ஓரத்தில் சப்பாத்தோடு இருந்தான்.

"தம்பி, பாலத்தடியிலை அந்தப் பூச்சி சீவிக்காது," என்றார் ஆனந்தராசா. சாதுரியமாகப் பேசும் தெம்பு அவருக்கு இல்லை. "எங்கை வைச்சிருக்கிறாய்?"

"மேலை. மொன்றேயாலே மலைக்குக் கீழை, ஆறு தொடங்கிற பக்கம்." தனேஸ் தரையைப் பார்த்தான். "திங்கக்கிழமை அண்ணைக்கு லீவு. நான் வேலை முடிஞ்சு வர, ரெண்டு பேரும் சுடப்பாணோடை அங்கை போறனாங்கள். காலைத் தண்ணிக்குள்ளை விட்டுக்கொண்டு இருப்பார். கதைக்கமாட்டார். ஒருநாள் மட்டும் சொன்னவர், செத்தால் என்னைக் கடலிலை போட விடாதை, தனேஸ். வாழ்நாள் முழுக்க வேலை செய்த இடம். செத்தாப் பிறகும் வேலைக்கு அனுப்பிறமாதிரி இருக்கும் எண்டு."

வேணுகாவுக்கு ஒரு பகிடி வந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. உதவியாளராகச் சேர்ந்ததிலிருந்து அது முதல்தடவை.

"அதை ஏன் அவவிட்டைச் சொல்லேல்லை?"

"படகு பிடிச்சாச்சு, ஐயர் வந்தாச்சு, ரெண்டு பேரும் சண்டை பிடிச்சு இப்பதான் ஓய்ஞ்சினம். நான் ஆர் அண்ணை இதுக்குள்ளை? சொந்தமில்லை, சோறு தின்னுறவன்."

"சரி, எடுத்தாய். கம்பளியை ஏன் திருப்பிக் கொண்டுவந்தாய்? அதைக் கொண்டுவராட்டில் எங்களுக்கு ஒண்டும் தெரிஞ்சிராதே."

தனேஸ் முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தான். கேள்வி அவனுக்கு விளங்கவில்லை என்பது தெரிந்தது.

"இண்டைக்கு விடிய, வேலை முடிஞ்சு, பேணி இருக்குதோ எண்டு பாக்கப் போனன். கம்பளி கழண்டு கல்லுக்குள்ளை கிடந்தது. நல்ல கம்பளி அண்ணை. இன்னும் கிழியேல்லை. அதை எப்பிடி விட்டிட்டு வாறது?"

"கரைச்சிட்டியோ அவரை?"

கேட்டது ஆனந்தராசா இல்லை. பவளராணி படியில் நின்றாள்; எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் அழகரத்தினம், கைப்பிடியைப் பிடித்தபடி.

"இல்லை அக்கா. மூடி சீல் வைச்சுப் பூட்டினது. திறக்கத் தெரியேல்லை. திறக்கவும் பயமாக் கிடந்தது. கல்லுகளுக்கு நடுவிலை இருத்தியிட்டு வந்தனான்."

பவளராணி ஆணியிலிருந்த வேலைச் சட்டையை எடுத்து அவனிடம் நீட்டினாள். பிறகு சொன்னாள்: "வண்டியை எடு."

வண்டி என்பது பேக்கரியின் மூன்று சில்லு வண்டி. முன்னால் தனேஸும் பவளராணியும். பின்னால், பாண் பெட்டிகள் அடுக்கும் இடத்தில் ஆனந்தராசா, வேணுகா, அழகரத்தினம். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் ஆனந்தராசா தான் களவுப்பட்டம் கட்டிய மனிதரின் மடியில் போய் விழுந்தார். மூன்றாம் வளைவுக்குப் பிறகு அழகரத்தினம் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டார். பேசவில்லை, ஆனால் பிடியையும் விடவில்லை.

வண்டி போகாத இடத்திலிருந்து இறங்கி நடந்தார்கள். நாணலுக்கு நடுவே ஆறு, ஆறென்று சொல்லக் கூச்சப்படும் அளவில், கற்களின்மேல் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. மூன்று கற்களுக்கு நடுவே அந்த உலோகப் பேணி, கழுத்தளவு தண்ணீரில், முத்திரை கலையாமல் நின்றது.

பவளராணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேரே தண்ணீருக்குள் இறங்கினாள். குளிருக்கு ஒரு மூச்சு இழுத்தாள். பேணியின் மூடியில் கையை வைத்தபடி நின்றாள்.

"இந்த மனுசன் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கவலைப்படுவியளெண்டு..." என்றான் தனேஸ்.

"பொய் சொல்லாதை."

"நீங்கள் மாட்டன் எண்டு சொல்லுவியளெண்டு அக்கா."

"சொல்லித்தான் இருப்பன்." அவள் சுற்றிப் பார்த்தாள். "ஒரு பஸ் வருதோ இஞ்சை? கடலெண்டால் பின்னேரத்திலை நான் நடந்து போய்ப் பாத்திட்டு வருவன். இந்தக் காட்டுக்குள்ளை என்னை ஆர் கூட்டிக்கொண்டு வாறது?"

"நான் கூட்டிக்கொண்டு வருவன்."

"நீ இராவிராவா வேலை செய்துபோட்டு வந்து, கல்யாணமும் கட்டி, ரெண்டு வருசத்திலை எங்கையோ லண்டனுக்குப் போயிருவாய்." அவள் கோபமாகச் சொல்லவில்லை. "இந்த ஆறு எங்கை போகுது?"

அது எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஊருக்குள் இறங்கி, அந்தப் பெரிய பாலத்துக்குக் கீழாகத்தான் எல்லாத் தண்ணீரும் கடலுக்குப் போக வேண்டும்.

"இஞ்சை திறந்துவிட்டால் அந்தச் சாக்கடைக்குள்ளாலைதானே போவார்," என்றாள் பவளராணி. "அப்ப சரி. கடல்தான். வேலைத்தலமெண்டாலும் பரவாயில்லை, நான் வந்து எட்டிப் பாப்பன்."

அழகரத்தினம் தொண்டையைச் செருமினார். "அப்ப தூக்கம்மா. ஐயர் பாத்துக்கொண்டிருப்பார். நாளைக்கு வெள்ளென எழும்போணும்."

"பொறுங்கோ அத்தான்."

அவள் பேணியைத் தூக்கவில்லை. அதற்குப் பக்கத்தில், ஓடும் தண்ணீருக்குள்ளேயே ஒரு கல்லில் உட்கார்ந்தாள். சேலை நனைந்ததைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"நாளைக்கு என்ரை எண்ணம். பொழுதுபடும் மட்டும் அவரின்ரை எண்ணம். இருந்திட்டுப் போவம்."

தனேஸ் மறுகரையில், வழக்கமாக இருக்கும் இடம்போல ஒன்றில், போய் உட்கார்ந்தான். வேணுகா எங்கோ பார்த்துக்கொண்டு மூக்கைத் துடைத்தாள். ஆனந்தராசா நாணலோரமாக ஒதுங்கி நின்றார். இனி அங்கே துப்பறிய ஒன்றும் இல்லை.

அழகரத்தினம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தம்பியின் பேணியைப் பார்த்தார். பிறகு குனிந்து, முதலில் ஒரு சப்பாத்தையும் பின்னர் மற்றதையும் கழற்றினார்.